இடது முன் சக்கரம்

திண்டிவனத்தை விட்டு மரக்காணம் ரோட்டில் போகும்போது இடது கைப் பக்கம் ஒரு டயர் கடை வரும். பலகையில் செல்வகுமாரின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். ஆனால் புது மாதிரி கார் வைத்திருப்பவர்கள் இறங்கியதும் தேடுவது செல்வகுமாரை அல்ல. "மிஷின் அம்மா இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் செல்வகுமார் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே போடுவான்.

மிஷின் அம்மா என்பது அவன் மனைவி கலைமதி. அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பத்துப் பெண். கல்யாணமாகி வந்து பல வருஷம் வரைக்கும் அவளுக்கும் கடைக்கும் இருந்த உறவு, மதியச் சோற்றைத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அது காலியாகிற வரைக்கும் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருப்பதுதான். பிறகு சக்கரத்துக்குள் சென்சார் வைத்த கார்கள் வர ஆரம்பித்தன. அந்தச் சென்சாரைப் பார்க்கிற கையடக்க மிஷினை விற்றவர்கள் விழுப்புரத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். கடையை விட்டு நகர முடியாத செல்வகுமார், "நீ போய் இன்னா சொல்றானுங்கன்னு கேட்டுக்கினு வா" என்று அவளை அனுப்பினான். கேட்டுக்கொண்டு வந்தவள் மிஷினைக் கீழே வைக்கவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காற்று அடிக்கிற வால்வுக்கு அடியில், சக்கரத்தின் உள்பக்கம், கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே காற்று எவ்வளவு என்று டிரைவருக்கு முன்னால் இருக்கிற திரைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. சக்கரமோ சென்சாரோ மாற்றினால், எந்த நம்பர் எந்த மூலையில் இருக்கிறது என்று காருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். மிஷினை ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் பிடிக்க வேண்டும். முதலில் இடது முன், அடுத்து வலது முன், பிறகு வலது பின், கடைசியாக இடது பின். வரிசை மாறிப் பிடித்தாலும் மிஷின் கோபித்துக்கொள்ளாது. பீப் என்று கத்தி, பச்சை விளக்கைக் காட்டிவிடும். அதனால் கலைமதி எல்லாம் முடிந்ததும் ஒரு சக்கரத்தில் மட்டும் காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு, திரையில் அதே மூலையில் எண் இறங்குகிறதா என்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் சாவி கைமாறும்.

"காத்து அடிச்சா ஓடும், அடிக்காட்டி நிக்கும். இதுக்கு ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு ஒரு சாமியாடி" என்பான் செல்வகுமார். அவள் மிஷினைத் துடைத்து ஆணியில் மாட்டுவாள். அந்தக் கடையில் அவளுடையது என்று இருந்தது அந்த மிஷினும், அதை மாட்டுகிற ஆணியும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் விருத்தாசலம் வந்தார். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கவிக்கு அன்று வளைகாப்பு. விசேஷம் முடிந்ததும் அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் பழைய இரும்பு ரிம்மோடு போய் நிற்க அவருக்கு மனசில்லை. பளபளவென்று அலாய் சக்கரம் நாலும், மெலிசான டயரும் போடச் சொன்னார். பழைய சென்சார்களின் பேட்டரி செத்துப்போயிருந்ததால் அதுவும் நாலும் புதுசு. சீர்த்தட்டுகளும் பாத்திரங்களும் டிக்கியில் அடங்கவில்லை என்று ஸ்டெப்னியைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டார்கள். "சாயங்காலம் போறப்ப எடுத்துக்கறேன்" என்றார்.

அவர் மனைவி அஞ்சம்மாள் பட்டுப்புடவையோடு வந்திருந்தாள். கூடையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருந்தன. கண்ணெல்லாம் கடிகாரத்தின் மேல்.

"ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வண்டி நவுரணும், தம்பி. ஜல்தி."

"முடிஞ்சிதுக்கா, முடிஞ்சிது" என்றான் செல்வகுமார். கடைசிச் சக்கரத்தின் வால்வை மாட்டும்போது, புது சென்சாரோடு வந்த ரப்பர் வாஷர் அவன் விரலில் கிழிந்தது. பழைய சென்சாரில் இருந்ததைக் கழற்றி மாட்டினான்.

"புது பாக்கெட்டு வீட்ல இருக்குதே, எடுத்துக்கினு வரட்டுமா?" என்றாள் கலைமதி.

"இதுவே நல்லாத்தான் கீது. நீ உன் வேலையப் பாரு."

அவளுடைய வேலைக்கு நேரம் மிச்சமில்லை. அஞ்சம்மாள் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கற்பூரத்தையும் ஏற்றிவிட்டாள்.

"யக்கா, மிஷினைக் காட்டிடறேன், அப்புறம் நீங்க..."

"எதுக்குக் கண்ணு தனித்தனியா? நான் கற்பூரம் காட்டிக்கினே வர்றேன், நீ பின்னாடியே மிஷினைக் காட்டிக்கினு வா. ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்."

விருத்தாசலம் சிரித்தார். "சாமிக்கு ஒரு ஆரத்தி, கம்ப்யூட்டருக்கு ஒரு ஆரத்தி."

கலைமதியும் சிரித்துவிட்டாள். ஓட்டுகிறவர் பக்கம்தான் அஞ்சம்மாளுக்கு முதல் சக்கரம். அங்கே கற்பூரத்தைச் சுற்றிவிட்டு வலமாக நடந்தாள். கலைமதி பின்னால் போய்க் குனிந்து குனிந்து மிஷினைப் பிடித்தாள். நாலு இடத்திலும் பீப் என்றது, நாலு இடத்திலும் பச்சை. காற்றைத் திறந்துவிட்டுப் பார்க்க அவள் வால்வு மூடியில் கை வைத்தபோது விருத்தாசலம் வண்டியைக் கிளப்பிவிட்டார். பழங்கள் சப்பென்று நசுங்கின.

"உன் நம்பரு குடு கண்ணு, நல்ல கருவாடா குடுத்தனுப்பறேன்" என்று ஜன்னல் வழியாகக் கேட்டு, ஒரு மிஸ்டு கால் வாங்கிக்கொண்டு போனாள் அஞ்சம்மாள்.

மத்தியானம் விருத்தாசலத்திடமிருந்து முதல் போன் வந்தது. செல்வகுமார்தான் எடுத்தான். விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பின்னால் இடது சக்கரத்தில் காற்று குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிகிறதாம்.

"புது ரிம்மு, புது டயருண்ணே. மொதல்ல கொஞ்சம் எறங்கி ஒக்காந்துக்கும். பங்க்குல ஒரு அடி அடிச்சிக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். கலைமதி பின்கட்டில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் அதைச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய விஷயமாக அவனுக்குப் படவும் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் மறுபடியும் போன் அடித்தது. அவன் கையெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னா தம்பி, பேஜாரா கீது! பின்னாடி லெப்டுல ரெண்டு தடவ காத்து அடிச்சேன். அது எறங்கிக்கினேதான் கீது. பின்னாடி ரைட்ட நான் தொடவே இல்ல, அது ஏறி நிக்குது. பங்க்குக்காரன் நாலையும் பாக்கட்டுமான்னு கேட்டான். வேணாம்யா, எதுன்னு வண்டியே சொல்லுதுன்னு சொல்லிட்டேன். இன்னா உன் மிஷினு?"

"எங்கண்ணே இருக்கீங்க?"

"பொண்ண ஏத்திக்கினு கிளம்பிட்டோம். விக்கிரவாண்டி வரப்போவுது."

"அப்படியே வந்துடுங்க. நம்ம கடையில பாத்துக்கலாம்."

போன் நின்றது. பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்த கலைமதி துணியைக் கீழே வைத்தாள். இடது பின்னால் அடித்தால் வலது பின்னால் ஏறுகிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காலையில் நடந்த நடையை மறுபடியும் நடந்து பார்த்தாள். கற்பூரத் தட்டு ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து கிளம்பியது. மிஷின் இடது முன்சக்கரத்தைக் கேட்டபோது அவள் வலது முன்சக்கரத்தைக் காட்டியிருந்தாள். அதிலிருந்து எல்லாமே ஒரு மூலை தள்ளிப்போயிருந்தது. திரை இடது பின் என்று சொல்வது உண்மையில் இடது முன். அதில் இருந்த காற்று காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. மெலிசான டயர், பாதி இறங்கினாலும் வெளியே தெரியாது. பைபாஸ் ரோடு. உள்ளே நிறைமாதத்தை நெருங்கும் பெண்.

"இன்னாங்க, அது முன்சக்கரம்" என்றாள். "முன்னாடி லெப்டு. நான் மாத்திக் காட்டிட்டேன். கற்பூரத்துக்குப் பின்னாடியே போய்ட்டேன். அவங்கள நிக்கச் சொல்லுங்க."

யாராவது கேட்டார்களா என்று செல்வகுமார் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"வாய மூடிக்கினு இரு" என்றான். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "அந்தாளு யாரு தெரியுமா? குப்பத்துல கீற வண்டியெல்லாம் அவரு சொல்லித்தான் இங்க வருது. நாமளே தப்பா வெச்சிட்டோம்னு நீ போன் போட்டுச் சொல்லுவியா? ஒரு மணி நேரத்துல வந்துடுவாரு. வந்தா நைசா மாத்திக் குடுத்துடலாம்."

"வரலன்னா?"

அவன் திரும்பி ஒரு டயரை உருட்டிக்கொண்டு போனான்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். மிஷின் அம்மா வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு நாளைக்கே மரக்காணம் போய்ச் சேரும். அவள் மறுபடியும் டயர் அடுக்கின்மேல் தூக்கோடு உட்கார வேண்டியதுதான். ஆனால் அவள் கை அதற்குள் போனை எடுத்திருந்தது. விருத்தாசலத்துக்கு மணி அடித்து அடித்து ஓய்ந்தது. லாரி இரைச்சலில் காதில் விழவில்லை போல. அப்போதுதான் காலையில் கொடுத்த மிஸ்டு கால் ஞாபகம் வந்தது.

"இன்னா கண்ணு, கருவாடுதானே? மறக்கல, மறக்கல" என்றாள் அஞ்சம்மாள். பின்னால் வளையல்கள் குலுங்கும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

"யக்கா, வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. பிரேக்கை ஓங்கி மிதிக்க வேணாம், மெதுவா."

"எதுக்கு?"

"முன்சீட்ல யாரு ஒக்காந்திருக்காங்க? அவருக்குப் பக்கத்துல?"

"சங்கவிதான். வயித்துக்கு எடமா இருக்கட்டும்னு முன்னாடி வெச்சோம்."

கலைமதி குரலை உயர்த்தினாள். "அந்தப் பொண்ணுக்குக் கீழ இருக்கிற சக்கரம்க்கா. அதுலதான் காத்து போவுது. டிவி மாதிரி கீறதுல வேற எடத்தக் காட்டுது. அது என்னோட தப்பு. இப்ப நிறுத்துங்க."

அஞ்சம்மாள் போனை அணைக்கவில்லை. "ஏங்க, நிறுத்துங்க" என்பதும், "எதுக்குடி?" என்பதும், "நிறுத்துன்னா நிறுத்துய்யா!" என்பதும் கேட்டன. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. பிறகு கதவு திறக்கிற சத்தம். விருத்தாசலம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அஞ்சம்மாளும் இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அஞ்சம்மாளின் குரல், முற்றிலும் வேறாக வந்தது.

"அப்பளம் மாதிரி ஒக்காந்துகினு கீது கண்ணு."

கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஸ்டெப்னி கடைச் சுவரில் சாய்ந்திருந்தது. கலைமதியே அதைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்தாள். செல்வகுமார் ஜாக்கியும் காற்றடிக்கிற பம்பும் எடுத்துக்கொண்டு ஏறினான். அவள் பின்னால் உட்கார்ந்து மிஷினை மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அவன் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

சாலையோரப் புளியமரத்தடியில், புடவையை விரித்து சங்கவியை உட்கார வைத்திருந்தார்கள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, முகத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"எங்கப்பாவ கேளுங்கக்கா. நல்லா கீற சக்கரமாப் பாத்துப் பாத்து காத்து அடிச்சுக்கினு வந்தாரு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். கை வயிற்றை விட்டு நகரவில்லை.

விருத்தாசலம் கலைமதியைப் பார்க்கவே இல்லை. செல்வகுமாரிடம்தான் பேசினார். "பொம்பள கையில மிஷினைக் குடுத்துட்டு நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த? இனிமே என் வண்டியில அந்தம்மா கை வைக்கக் கூடாது."

"சரிங்கண்ணே. நான் பாத்துக்கறேன்" என்றான் செல்வகுமார்.

"நான்தான் இழுத்துக்கினு சுத்தினேன்" என்று அஞ்சம்மாள் குறுக்கே வந்தாள். "அதும்பாட்டுக்கு செய்ய வந்தது, நான்தான் அவசரப்படுத்தினேன்."

"மிஷின் என் கையிலதானேக்கா இருந்தது" என்றாள் கலைமதி.

செல்வகுமார் குனிந்து பம்பைப் பொருத்திக் காலால் மிதித்தான். டயர் மெல்ல எழுந்தது. எச்சிலைத் தொட்டு வால்வில் வைத்தான். நட்டின் அடியிலிருந்து முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. அவன் உள்ளங்கையால் அதை மூடினான். மூடிய பிறகுதான் நிமிர்ந்து கலைமதியைப் பார்த்தான். அவளும் பார்த்துவிட்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றான் எழுந்துகொண்டே. "சின்ன ஆணி எதுனா குத்தியிருக்கும். நல்லா காத்து அடிச்சிட்டேன். இப்படியே வீட்டுக்குப் போய்டலாம். காலையில கொண்டாங்க, பஞ்சர் போட்டுக் குடுத்துடறேன்."

"ஸ்டெப்னி?"

"அது எதுக்குண்ணே, அலாய் கழட்டிட்டு இரும்பு ரிம்மு மாட்டினா வண்டி பாக்க நல்லாவா இருக்கும்?"

விருத்தாசலம் தலையாட்டினார். அவருக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. மகளைப் பார்த்துக் கையை நீட்டி, "எழுந்திரும்மா" என்றார்.

சங்கவி ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் திண்டிவனம் தாண்டி, கடற்கரை வரைக்கும் போக வேண்டும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சக்கரத்துல போவக் கூடாது" என்றாள் கலைமதி.

"ஏ கலை" என்றான் செல்வகுமார்.

"ஆணி இல்லீங்க. வால்வுல வாஷரு பழசு. இறுக்கிட்டாலும் பிடிக்காது. இப்ப அடிச்ச காத்து போற வழியிலயே மறுபடி போய்டும்." அவள் கணவனைப் பார்த்துப் பேசவில்லை, சங்கவியைப் பார்த்துப் பேசினாள். "காத்து போனது அதனால. திரை மாத்திக் காட்டினது என்னால. ரெண்டும் எங்க கடையில நடந்ததுதான். ஸ்டெப்னி மாட்டிக்கினு பொறுமையா போங்க."

சங்கவி காரை நோக்கி எடுத்த அடியை நிறுத்தினாள். ரோட்டில் பஸ் ஒன்று போனது. விருத்தாசலம் செல்வகுமாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய வாஷரா?"

செல்வகுமார் ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

ஸ்டெப்னியில் சென்சார் கிடையாது. அது ஏறியதும் கலைமதி மிஷினை எடுத்தாள். விருத்தாசலம் வாயைத் திறந்தார். அஞ்சம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். கலைமதி இடது முன்னால் போய் நின்று, அந்த இடத்தை வெறுமனே தாண்டவிட்டாள். வலது முன், வலது பின், இடது பின் என்று அதன் வரிசைப்படி போனாள். பிறகு இடது பின்சக்கரத்தின் மூடியைத் திறந்து, அதிகமாக ஏறியிருந்த காற்றை வெளியே விட்டாள்.

"எது எறங்குதுன்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

சங்கவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரையைப் பார்த்தாள். "லெப்டு. பின்னாடி."

"முன்னாடி லெப்டுக்கு மட்டும் விளக்கு எரியும். ஸ்டெப்னிக்காக. அதுக்குப் பயப்பட வேணாம்."

வண்டி மெதுவாகக் கிளம்பிப் போனது. விருத்தாசலம் நாளைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அலாய் சக்கரத்தை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு இருவரும் திரும்பினார்கள். மயிலம் பிரிவு தாண்டியதும் செல்வகுமார் ஒரே ஒரு தடவை பேசினான்.

"ஊர்க்காரன் எதிர்லயே என் மானத்த வாங்கிட்ட."

"ஆமா" என்றாள் அவள். மடியில் நழுவிய மிஷினை மேலே இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று அவன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான். மறுநாள் கடையில் மிஷின் அவள் ஆணியில் இல்லை. அவனுடைய பெட்டிக்குள் இருந்தது. புதுச்சேரி போகிற கார் ஒன்று வந்து சென்சார் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, "அந்த வேல இப்ப பண்றதில்லீங்க" என்று அனுப்பிவிட்டான். அவள் அலாய் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, நுரை கிளம்புகிற இடத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே எடுத்துத் துடைத்துச் சுவரில் சாய்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வாஷர் பாக்கெட் மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் விருத்தாசலத்தின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. அஞ்சம்மாள் மட்டும், நியூஸ் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு இறங்கினாள். பொட்டலத்திலிருந்து கருவாட்டு வாசனை அடித்தது.

"பொண்ணு நல்லா தூங்கிச்சு" என்றாள். பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். கற்பூரம் எடுத்து வரவில்லை.

செல்வகுமார் காருக்கு அடியில் ஜாக்கி வைத்தான். அலாய் சக்கரத்தைப் படுக்கவைத்து, டயரின் ஓரத்தை நெம்பி, வால்வைக் கழற்றினான். நசுங்கிப்போன பழைய வாஷர் விரலில் வந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து விருத்தாசலமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது பாக்கெட்ட எங்க வெச்ச?" என்றான் செல்வகுமார், தலையைத் தூக்காமல்.

"மேசையில."

அவனே எழுந்து போய் எடுத்தான், பல்லால் பிரித்தான். புது வாஷரை மாட்டி, நட்டை முறுக்கி, காற்று அடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான். நுரை வரவில்லை. சக்கரத்தை வண்டியில் ஏற்றினான். பிறகு தன் பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டான்.

கலைமதி பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்தாள். இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். பின்கட்டில் ஸ்பேனர் ஒன்று சத்தமாகக் கீழே விழுந்தது.